இருநூற்றொரு கன்னங்கள்

என் வீட்டுக்காரி சங்கரவடிவின் வலி இருநூற்றொரு துண்டாக உடைந்து எங்கள் ஊர்க்காரர்களின் இடது கன்னங்களில் போய் உட்கார்ந்தது பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பத்திரண்டுக்கு. நேரத்தில் தப்பு இருக்காது. பாறையடிப்புதூர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷமாக டைம்கீப்பர் நான். ஒரு விசில் ஊதினால் பஸ் வந்து நிற்கணும். இரண்டு ஊதினால் கிளம்பணும். மூன்று ஊதினால் எல்லா வண்டியும் ஸ்டாண்டைக் காலி பண்ணிவிட்டு ஓடணும். மூன்றை நான் ஊதியதே இல்லை. அவசியம் வந்ததில்லை.

எங்கள் ஊர் இரண்டு மலைக்கு நடுவே ஒரு சந்தில் இருக்கிறது. வைகாசி பிறந்ததும் அந்தச் சந்து வழியாக மேற்கேயிருந்து காற்று நுழையும், நுழைந்தால் ஆவணி கழியும்வரை ஓயாது, கொடியில் கிடக்கிற சேலையை அடுத்த தெருவில் கொண்டுபோய்க் காயப்போடும், சைக்கிளில் போகிறவனை இறக்கித் தள்ளவைக்கும், டீ ஆற்றினால் பாதி தம்ளரிலும் பாதி பக்கத்தில் நிற்கிறவன் சட்டையிலும் விழும், ஊரைச் சுற்றி நிற்கிற முந்நூறு காற்றாலையும் விர்விர்ரென்று சுற்றும். எல்லாருக்கும் அது காற்று. வடிவுக்குக் கத்தி. இடது கன்னத்தில் ஓர் இழை பட்டால் போதும், காதுக்கு முன்னாலிருந்து மோவாய்வரை கரண்ட் கம்பியை வைத்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. நாளைக்கு நாற்பது வெட்டு, ஐம்பது வெட்டு. பல் தேய்த்தால் வெட்டும். தலை சீவினால் வெட்டும். பேசினால், சிரித்தால் வெட்டும். பதினோரு வருஷம் கன்னத்தோடு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழந்துணியைத் திணித்து வைத்துவிட்டு, கஞ்சியைக் குழல் போட்டு வலது பக்கமாக உறிஞ்சிக் குடித்தாள்.

முதல் வருஷம் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு பல் வலிக்கு இந்தப் பாடா?" என்றேன். பல் டாக்டரிடம் கூட்டிப்போய், நாலேகாலுக்கு நாகர்கோவில் வண்டி வருது, சீக்கிரம் பிடுங்கும் என்று தலைமாட்டில் நின்றேன். பிடுங்கினார். வலி போகவில்லை. இன்னொன்று பிடுங்கினார். அதற்கப்புறம் இன்னொன்று. மூன்றும் நல்ல பல். பல் இல்லை, நரம்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. வடிவு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறக்கணுமே.

மாத்திரை ஒன்றில் தொடங்கி எட்டுக்குப் போனது. எட்டில் அவள் நாளெல்லாம் தூங்கினாள், தூக்கத்திலும் வெட்டியது. எங்கள் மகள் பிரபா சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துச் சொன்னாள். போனோம். டாக்டர் சின்னப் பெண். பேனாவைச் சுழற்றிக்கொண்டே பேசினாள்.

"கத்தி கிடையாது சார். தையல் கிடையாது. மயக்க மருந்தும் கிடையாது. கதிர்வீச்சுதான். இருநூற்றொரு பக்கத்திலேருந்து இருநூற்றொரு கதிர் வரும்."

"அதென்ன இருநூத்தி ஒண்ணு? மொய்யா?"

சிரித்தாள். "ஒரு கதிர் தனியா தலைக்குள்ள போனா ஒண்ணுமே பண்ணாது சார். இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் அது பாட்டுக்குப் போயிடும். ஆனா இருநூற்றொண்ணும் ஒரே புள்ளியில சந்திக்கும். அந்த நரம்பு மேல, கடுகளவு இடம். அங்க மட்டும்தான் சுடும்."

"இருநூத்தொரு ஊர்லேருந்து இருநூத்தொரு பஸ். பஸ்ஸுக்கு ஒரு ஆளு. தனித்தனியா வந்தா ஊருக்கே தெரியாது. எல்லாம் ஒரே நிமிஷம் ஒரே ஸ்டாண்டுல வந்து நின்னா..."

"நின்னா?"

"ஸ்டாண்டு நாறிரும்."

"அதேதான் சார்! இவ்வளவு சுலபமா எனக்கே யாரும் சொல்லித்தரல."

"அந்தப் புள்ளியில வேற ஆளு தலை இருந்தா?"

"கதிருக்கு ஆள் தெரியாது சார். அந்த இடத்துல எந்தத் தலை இருக்கோ, அந்தத் தலைக்குத்தான்."

"வலி எப்பம் போகும்?"

"சிலருக்கு ரெண்டு வாரம், சிலருக்கு ரெண்டு மாசம். மெதுவா மங்கும். முழுசாப் போகாமலும் இருக்கலாம்."

மெதுவா என்கிற வார்த்தை எனக்குப் பிடிக்காது. ஆனால் வேறு வண்டி இல்லை.

செவ்வாய்க்கிழமை வடிவின் தலையில் ஓர் இரும்பு வளையத்தை வைத்து நாலு திருகு போட்டு இறுக்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். இருந்தாலும் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாரேன்" என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு, பெரிய இட்லிக் கொப்பரை மாதிரி இருந்த அந்த மெஷினுக்குள் தலையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டாள். கதவு சாத்தியபோது பத்து ஐந்து. நான் வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நாற்பத்தைந்துக்கு போன் அடித்தது. எங்கள் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிற சாகுல் பாய்.

"அண்ணாச்சி, மதினிக்கு முடிஞ்சிட்டுல்லா?"

"கதவே இன்னும் திறக்கல. உமக்கு எப்படிவே தெரியும்?"

"இடது கன்னத்துல சுருக்குன்னு ஒண்ணு. கட்டெறும்பு கடிச்ச மாதிரி. கண்ணாடியில பாத்தா ஒண்ணும் இல்ல. மதினியோடதுன்னு உடனே தெரிஞ்சுபோச்சு."

"அது எப்படித் தெரியும்ங்கேன்?"

"பக்கத்து வீட்டுச் செம்பு நம்ம வீட்டுக்கு வந்தா தெரியாதா அண்ணாச்சி?"

வைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஜெபசெல்வி டீச்சர் போன், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சுருக்கென்றதாம், சாக்பீஸ் உடைந்துவிட்டதாம். அதற்குப் பின்னாலேயே சலூன் மாடக்கண்ணு, அதற்குப் பின்னாலேயே நாகர்கோவில் வண்டி டிரைவர், அப்பளக்காரத் தெருவிலிருந்து வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள், போஸ்ட் ஆபீஸிலிருந்து ஒருவர், கோயில் பூசாரி, சர்ச்சில் மணி அடிக்கிறவர், எல்லாருக்கும் இடது கன்னம், எல்லாருக்கும் பத்து நாற்பத்திரண்டு. வந்த பஸ் திரும்பிப் போகணும் அல்லவா? இருநூற்றொன்றும் வெறுமனே திரும்பாமல் ஆளுக்கொரு துண்டு வலியை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கின்றன. போகிற இடம் அவளுடைய ஊராகத்தானே இருக்கும்? இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது?

வடிவு வெளியே வந்தாள். நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு, திருகு வடு. கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். அப்புறம் உள்ளங்கையால். அப்புறம் பளாரென்று தானே ஓர் அறை அறைந்தாள்.

"இல்லைங்க."

"என்னது இல்ல?"

"வலி."

சிரித்தாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம். மூன்று பல் இருந்த இடம் இருட்டாகத் தெரிந்தது. நான் போன் பேசுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், கீழே வைத்தாள், மறுபடியும் தூக்கினாள். "இவ்வளவு சீக்கிரமா?" என்றாள். நல்ல காரியம் ஒன்று சீக்கிரம் நடந்தால் ஏன் எல்லாரும் சந்தேகப்படுகிறார்களோ தெரியவில்லை.

நாங்கள் ஊரில் இறங்கியபோது ஸ்டாண்டு கொள்ளாமல் கூட்டம். ஆளாளுக்குக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் பேர் எழுத உட்கார்ந்தேன். நாலாம் நாள் இருநூற்றொன்று சரியாக முடிந்தது. அதற்கு மேல் வந்தவர்களையெல்லாம் விரட்டினேன். காண்ட்ராக்டர் சுயம்பு மூன்று தடவை வந்தார். ஊரில் பாதிக் கட்டடம் அவர் கட்டியது, மீசை மட்டும் அரைக் கிலோ இருக்கும்.

"எனக்கும் இருக்கு அண்ணாச்சி. எழுதும்."

"எந்தக் கன்னம்?"

"வலது."

"போரும்வே."

"டீக்கடைக்காரனுக்கு இருக்கு, முடி வெட்டுறவனுக்கு இருக்கு, எனக்கு இல்லைன்னா ஊருக்குள்ள எப்படி நடக்க?"

"காலாலதான்."

அவருக்கு அது பெரிய குறையாகப் போய்விட்டது. குறைதான். அதைப் பங்கு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எதிரே வருகிறவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்னைக்குப் பங்கு எப்படி என்று கேட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பையனுக்கு வேலை என்ன, பங்கு உண்டா என்று விசாரித்தார்கள். பங்குள்ளவன் பேச்சை பஞ்சாயத்தில் ஒரு மாற்றுக் கூடுதலாகக் கேட்டார்கள். வைகாசி பிறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. காற்று வருவதற்குச் சரியாகக் கால் மணி நேரம் முன்னால் இருநூற்றொரு கன்னமும் ஒன்றாகத் துடிக்கும். துடித்ததும் அப்பளக்காரத் தெருவில் பெண்கள் காய்கிற அப்பளத்தைப் பாயோடு சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள், கொத்தனார்கள் சாரத்தை விட்டு இறங்குவார்கள், சர்ச்சில் ஜன்னலைச் சாத்துவார்கள், காற்றாலைக் கம்பெனி இன்ஜினீயர் ஒருத்தர் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு சாகுல் பாய் கன்னத்தையே பார்த்துக்கொண்டு காலை முதல் மாலைவரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வடிவு துண்டை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். ஜன்னல் துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். அப்புறம் என் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ரொம்ப வலிக்கா?" என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டாள்.

"அட போங்க மதினி, எறும்புக்கடி" என்றார் சாகுல் பாய். பூசாரி, கொசு என்றார். சலூன் மாடக்கண்ணு மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"ஒரு துண்டுக்கே எனக்கு நாலு நாள் ஷேவிங் கோணலாப் போச்சு அக்கா. இத்தனையையும் நீங்க ஒருத்தியாவா வச்சிருந்தீங்க?"

ஜெபசெல்வி டீச்சர் போர்டில் இருநூற்றொன்றால் பெருக்கிப் பார்த்ததாகச் சொன்னார். நாளைக்கு நாற்பது, வருஷத்துக்கு இத்தனை, பதினோரு வருஷத்துக்கு இத்தனை என்று பெருக்கிக்கொண்டே போனாராம், பாதியில் அழித்துவிட்டாராம். இதை ஏன் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டேன்.

வைகாசிக் கடைசியில் அது நடந்தது. திடீர் மழை. ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாரும் சாகுல் பாய் கடைக்குள் ஓடி நுழைந்தார்கள். கடை சின்னது, நடுவில் பாய்லர், பாய்லருக்குப் பக்கத்தில் பாய், சுற்றிலும் நாலு பக்கமும் ஆள். அறுபது பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் பங்குள்ளவர்கள். பாய் டீயைத் தூக்கி ஆற்றினார், அப்படியே போட்டுவிட்டு, இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஆடு மாதிரி கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எறும்புக்கடி இல்லை. ஆணி. எல்லாரும் பதறி வெளியே மழையில் ஓடினார்கள். ஓடியதும் வலி நின்றுவிட்டது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வண்டிகள் திரும்பி வர வழி தேடுகின்றன. பங்குள்ளவர்கள் ஓர் ஆளைச் சுற்றி நாலா பக்கமும் நின்றுவிட்டால், நடுவில் இருக்கிற தலையில் துண்டுகளெல்லாம் வந்து கூடும். முப்பத்தைந்து பேருக்கே ஆணி. இருநூற்றொரு பேர் நின்றால், நடுவில் இருப்பது யார் தலையாக இருந்தாலும், வடிவின் பதினோரு வருஷம்.

அன்று முதல் எங்கள் ஊர் வரிசையில் நின்றது. நம்ப மாட்டீர்கள். தமிழ்நாட்டில் ஒரு ஊர், பஸ்ஸுக்கு வரிசை, ரேஷனுக்கு வரிசை, சாமி கும்பிட வரிசை, வேடிக்கை பார்க்க வரிசை. தெருச்சண்டை என்றால்கூட ஒருவர் பின்னால் ஒருவராக நின்று எட்டிப் பார்த்தார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் தலைவருக்கு எதிரே ஒரே நீளக் கோடாக உட்கார்ந்து, கடைசியில் இருந்தவருக்கு ஒன்றும் கேட்காமல், கேட்காததாலேயே எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. நான் வட்டத்தைக் கண்டால் விசில் ஊதுவேன். கலைந்துவிடுவார்கள். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை, வெளியில் காட்டிக்கொள்ளாமல் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

அப்போதுதான் பிரபாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை கோவில்பட்டி. ஆவணி முதல் முகூர்த்தம். தாலி கட்டுகிற நேரம் ஏழு நாற்பது.

"எல்லாரும் வரணும்" என்றாள் வடிவு. "பங்கு வாங்கினவுங்க ஒருத்தர் விடாம. என் வலியை வச்சிருக்கவுங்களுக்கு என் கையால சாப்பாடு போடணும்."

"ஏளா, எல்லாரும் வந்தா என்ன ஆவும்னு தெரியும்லா? கல்யாண வீட்டுல நடுவுல நிக்கப்போறது நீயும் உன் மவளும்."

"தெரியும். அதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன். டைம் போடுங்க."

பிரபா சிரித்தாள். "எப்பா, என் கல்யாணத்துக்கும் டிரிப் ஷீட்டா?"

போட்டேன். ராவெல்லாம் உட்காரவில்லை, ஒரே மத்தியானத்தில் முடித்தேன். காலை நாலரைக்கு முதல் வண்டி, இருபது பேர். பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. கல்யாண மண்டபம் பழைய நெல் குடோன், சுயம்பு திருத்திக் கட்டியது, நாலு பக்கமும் பெரிய பெரிய ஜன்னல். கிழக்கு வாசல் வழியாக வரிசையாக நுழையணும், மேற்கு வாசல் வழியாக வெளியே போகணும். மணவறை வழக்கம்போல் கோடியில் இருந்தால் வரிசை திரும்பி வட்டமாகிவிடும் என்று மணவறையை மண்டபத்தின் நட்டநடுவில் போடச் சொன்னேன், வரிசை அதை உரசிக்கொண்டு நேராகப் போய்விடும். அட்சதையைப் போடணும், பந்தியில் ஒரே பக்கமாக உட்கார்ந்து சாப்பிடணும், கிளம்பணும். ஏழு நாற்பதுக்குத்தான் சிக்கல். தாலி கட்டுகிறதைப் பார்க்க எல்லாரும் ஆசைப்பட்டார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதனால் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏழரையிலிருந்து ஏழே முக்கால்வரை கோவில்பட்டிக்காரர்கள் மட்டும். அவர்களுக்குப் பங்கு கிடையாது.

வாசலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும். சுயம்புவிடம் போனேன்.

"ஊருல பங்கு இல்லாத பெரிய மனுசன் நீர் ஒருத்தர்தான். நாள் பூரா எங்க வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் நிக்கலாம். வேற யாராலயும் முடியாது."

மீசை இரண்டு பக்கமும் நிமிர்ந்தது. "அப்படிச் சொல்லும். ஒரு ஈ நுழையாது."

நுழையவில்லை. அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். நாலரையிலிருந்து ஏழரைவரை என் வண்டிகள் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடின, மக்கள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே போனார்கள், காற்று மண்டபத்துக்குள் புகுந்து தோரணத்தையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது, வடிவு அந்தக் காற்றுக்கு நடுவே மாம்பழக் கலர் பட்டில், தலை நிறையப் பூவோடு, இடது கன்னத்தை வேண்டுமென்றே மேற்கே திருப்பிக்கொண்டு நின்று, வருகிறவர்களையெல்லாம் சத்தமாக வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் குரல் இவ்வளவு பெரியது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஏழு முப்பத்தைந்துக்கு சாகுல் பாய் வாசலுக்கு வந்தாராம். "ஒரு நிமிஷம் சுயம்பு. நம்ம பிள்ளை கழுத்துல தாலி ஏறுறதைப் பாத்துட்டு ஓடிருதேன். நான் ஒருத்தன் பாத்தா என்ன ஆயிரப்போவுது?"

"உத்தரவு இல்ல பாய்."

பாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். போனவர் வீட்டுக்குப் போகவில்லை. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போனார். நான் ஒருத்தன்தானே. டீச்சர் வந்தார், சுயம்பு மறித்தார், டீச்சர் தெற்கு ஜன்னலுக்குப் போனார். நான் ஒருத்திதானே. மாடக்கண்ணு மேற்கே. பூசாரி கிழக்கே. டிரைவர், அப்பளக்காரத் தெருப் பன்னிரண்டு பேர், போஸ்ட் ஆபீஸ்காரர், சர்ச்சில் மணியடிக்கிறவர், ஒவ்வொருத்தரும் வரிசையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்கள், ஒவ்வொருத்தரும் பாதி வழியில் நின்று, பிரபா மூக்கு ஒழுகிக்கொண்டு பாவாடையோடு பஸ் ஸ்டாண்டில் ஓடினதை நினைத்து, திரும்பி வந்து, நான் ஒரு ஆள் எட்டிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று ஆளுக்கொரு ஜன்னல் கம்பியைப் பிடித்தார்கள். தனியாக ஒரு கதிர் ஒன்றும் செய்யாது. இருநூற்றொரு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

ஏழு நாற்பது. கெட்டிமேளம்.

நான் கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தேன். வடிவு மகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கை மேலே போனது. இடது கன்னத்துக்கு. இல்லாத துண்டைத் தேடியது.

ஜன்னல்களைப் பார்த்தேன். நாலு பக்கமும் முகம். எல்லா முகமும் சிரித்துக்கொண்டு, எல்லாக் கையிலும் அட்சதை. வட்டம். நட்டநடுவில் நான் போட்ட மணவறை.

விசிலை ஊதினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மேளத்தில் எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஊதினேன். நாயனக்காரர், என்னமோ நானும் கூட வாசிக்கிறேன் என்று நினைத்து, தலையை ஆட்டினார்.

இருநூற்றொரு பேரை ஒரு நிமிஷத்தில் நகர்த்த முடியாது. ஒரு தலையை நகர்த்தலாம்.

ஓடினேன். எனக்கு முட்டி சரியில்லை, இருந்தும் ஓடினேன், சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, சம்பந்தியின் காலை மிதித்து, வடிவின் தோளைப் பிடித்து ஓர் இழுப்பில் மணவறைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அவள் தலை இருந்த இடத்தில் என் தலையை வைத்தேன். அவள் என்னைவிட ஒரு சாண் குட்டை. முட்டியை மடக்கிக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து மஞ்சள் அரிசி மழையாகக் கொட்டியது.

வண்டி வந்தது. ஒன்றல்ல. இருநூற்றொன்றும்.

அது எப்படி இருந்தது என்று பிரபா பிறகு கேட்டாள். சொல்ல வரவில்லை. சொல்ல வாயைத் திறக்கணுமே. கரண்ட் கம்பி என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன், அது வெளியில் நின்று பார்த்தவன் சொல்கிற பேச்சு. நான் வாயில் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன். விழக்கூடாது. விழுந்தால் அந்த இடத்துக்கு அவள் வந்துவிடுவாள், வந்துவிடுகிற ஆள்தான் அவள். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று முடிச்சு விழுகிறவரை, மேளம் ஓய்கிறவரை, ஒரு நிமிஷம் பத்து விநாடி. அவ்வளவுதான். நாளைக்கு நாற்பது என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. நான் பெருக்கவில்லை.

அப்புறம் சுட்டது. கடுகளவு இடம். சுட்டு, பொசுங்கி, அணைந்தது.

மேளம் நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே இருநூற்றொரு பேரும் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டு அண்ணாச்சி" என்றார் சாகுல் பாய் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, விருந்தாளி ஊருக்குக் கிளம்பிப் போன மாதிரி. "ஒண்ணும் இல்ல. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

எல்லாருக்கும் போய்விட்டது. சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால் ஒரே வருத்தம். மாடக்கண்ணு கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தான். காற்றாலை இன்ஜினீயர், நாளைக்குக் காற்று எப்போ வரும்னு நான் யாரைக் கேட்க என்று புலம்பினார். அப்பளக்காரத் தெருப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சுயம்பு ஒருவர்தான் மீசையைத் தடவிக்கொண்டு மண்டபத்தின் நடுவில் வந்து நின்று, "சரி விடுங்கப்பா, இனிமே ஊருல எல்லாரும் ஒண்ணுதானே" என்று ஆறுதல் சொன்னார். முதல் தடவையாக அவரைச் சுற்றி எல்லாரும் வட்டமாக நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் ரொம்ப நாள் கழித்து வட்டமாக நிற்கிற குஷியில் ஒருத்தரை ஒருத்தர் இடித்துத் தள்ளிக்கொண்டு, வரிசையில்லாமல், பந்திக்கு ஓடினார்கள். இரண்டாம் தடவை சாப்பிட்டார்கள்.

என்னை வெளியே கூட்டிப்போய் மேற்கு வாசல் படியில் உட்காரவைத்தாள் வடிவு. வலி இல்லை. ஆனால் மலைச்சந்திலிருந்து காற்று ஒன்று கிளம்பி, காற்றாலைகளைச் சுற்றிவிட்டுக்கொண்டு, வயலைத் தாண்டி, நேராக எங்களைப் பார்த்து வந்தபோது என் கை தானாகப் போய்த் தோள் துண்டை எடுத்துக் கன்னத்தில் அமுக்கிக்கொண்டது.

அவள் அதைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்து, துண்டை மெதுவாக இறக்கினாள். காற்று பட்டது. வெறும் காற்று.

"ரொம்ப வலிச்சுதா?"

தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது.

வடிவு முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். பதினோரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை அப்போதுதான் எடுத்தாள்.

"ஒரு பல் வலிக்கு இந்தப் பாடா?"

சொல்லிவிட்டு அவளே தாங்காமல் சிரித்தாள். மூன்று பல் இல்லாத வாயைத் திறந்து, காற்றில் பூவெல்லாம் உதிர உதிர, காற்றாலைவரை கேட்கிற மாதிரி சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியவில்லை. நான் மணி பார்க்கவில்லை.